மதராஸ் ரயிலும் மதனப்பள்ளி அட்டையும்

திருப்பதியில் அச்சடித்த காகிதத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. தல புராணம், சுப்ரபாதம், ஏழுமலையான் படம் போட்ட நாள்காட்டி, தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ மாத இதழ் என்று அடுக்கடுக்காகக் கிடக்கும். தெலுங்கர், தமிழர், கன்னடர், யார் வந்தாலும் அவரவர் மொழியில் ஒன்றை வாங்கிப் போகலாம். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தைத் திருப்பியதும் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு படப் புத்தகம் வேண்டுமென்றால், அது மதராஸிலிருந்துதான் வந்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதுதான் நிலைமை. நூற்றாண்டு திரும்பிய வேளையில் போக்கும் திரும்பியது. சித்தூர் மாவட்டத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் வரைந்து வெட்டிய பட அட்டைகளைப் பார்த்துப் படிக்கச் சென்னை ஆசிரியர்கள் மலையேறினார்கள்.

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் வட ஆற்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் சேர்த்துத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆட்சி, நீதிமன்றம், கல்லூரி எல்லாவற்றுக்கும் மதராஸைப் பார்த்திருந்த மாவட்டம், புத்தகத்துக்கும் மதராஸையே பார்த்தது. தெலுங்கு நாட்டின் புகழ்பெற்ற அரிச்சுவடியான ‘பெத்த பாலசிக்ஷா’வுக்கு மூலமான ‘பாலசிக்ஷா’வை 1832-இல் புதூரு சீதாராம சாஸ்திரி மதராஸில் எழுதி வெளியிட்டார். பிற்பாடு வாவிள்ள அச்சகத்தார் மதராஸிலிருந்து போட்ட பதிப்பு வீடுதோறும் நுழைந்தது. எழுத்து, கூட்டெழுத்து, வாய்ப்பாடு, நீதிமொழி, புராணச் செய்தி எல்லாம் ஒரே கட்டில் அடங்கிய புத்தகம் அது. அறிவுக்கு அதில் குறைவில்லை. சிரிப்புக்குத்தான் இடமில்லை.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் இருக்கலாம் என்ற எண்ணம் உலகுக்குப் புதிதல்ல. செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658-லேயே படம் பார்த்துப் பாடம் படிக்கும் ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற நூலை வெளியிட்டார். சிரிப்பும் தென்னாட்டுக்குப் புதிதல்ல. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை 1822-இல் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். தெலுங்குப் பிள்ளைகளுக்கு அதே ரக மடச் சீடர்கள் பரமானந்தய்யாவின் சீடர்களாகப் பழக்கம். படம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று மூன்றும் தனித்தனியே நின்றதுதான் சிக்கல். முதல் இரண்டையும் சேர்த்தவர்கள் மதராஸ்காரர்கள்.

மதராஸ் வானொலியில் ‘ரேடியோ அண்ணய்யா’ என்று தெலுங்குப் பிள்ளைகளுக்கு அறிமுகமான நியாயபதி ராகவராவ், மனைவி காமேஸ்வரியுடன் சேர்ந்து 1945-இல் ‘பால’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். பெரியவர்கள் எழுதிப் பிள்ளைகள் வாசிப்பது என்ற வழக்கத்தை அது கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. பிள்ளைகள் எழுதியதும் வரைந்ததும் அதில் வந்தன. அப்போது மதராஸில் படித்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களின் கைவரிசை அதில்தான் முதலில் அச்சேறியது. எழுதியவர் முள்ளப்பூடி வெங்கடரமணா. வரைந்தவர் சத்திராஜு லட்சுமிநாராயணா, பின்னாளில் நாடறிந்த பாபு.

இரண்டே ஆண்டில், 1947-இல், நாகி ரெட்டியும் சக்ரபாணியும் ‘சந்தமாமா’வைக் கொண்டுவந்தார்கள், தமிழில் அதுவே ‘அம்புலிமாமா’. பிற்பாடு கன்னடம், இந்தி என்று மொழிகள் பெருகின. சித்ரா, சங்கர், எம்.டி.வி. ஆச்சார்யா, வட்டாதி பாப்பய்யா ஆகியோரின் ஓவியம் எல்லா மொழிக்கும் பொது. வடபழனியில் ஒரே மேசையில் பிறந்த ராஜாவும் வேதாளமும் தெனாலி ராமனும் சித்தூர் மாவட்டத்து நகரியில் தமிழ் பேசினார்கள், பாகாலாவில் தெலுங்கு பேசினார்கள். ‘சந்தமாமா’வின் நகைச்சுவை அடக்கமானது. குட்டிக் கதையில் ஏமாந்த வணிகன், தற்பெருமைப் பண்டிதன், சோம்பேறி மாப்பிள்ளை. சிரிப்பு முடிந்ததும் நீதி வந்து நிற்கும். இரண்டு புகைப்படங்களுக்குப் பொருத்தமாக இரண்டு வரி எழுதி அனுப்பும் போட்டிக்குப் பிள்ளைகளோடு பெரியவர்களும் போட்டி போட்டார்கள்.

நீதியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தவன் புடுகு. அமிர்தாஞ்சன் தைலத்தால் பொருளீட்டிய காசிநாதுனி நாகேஸ்வரராவ் தொடங்கிய ‘ஆந்திர பத்ரிகா’ வார இதழில், 1956 வாக்கில், முள்ளப்பூடி எழுத பாபு வரைய, இந்தச் சிறுவன் பேசத் தொடங்கினான். அவனுக்குப் பெரியவர்கள் எல்லோரும் ஆராய்ச்சிக்குரிய விநோதப் பிராணிகள். பக்கத்து வீட்டுக் குண்டுச் சின்னம்மாவின் புருஷன், ரெட்டைச் சடை சீதா, டியூஷன் சொல்லித்தர வந்து அவனிடம் படாதபாடு படும் வாத்தியார், காதல் கடிதத்துக்கு அவனைத் தூது போக விடும் இளைஞர்கள் என்று ஒரு தெருவே அவன் வாயில் விழுந்து புரண்டது. பாபுவின் கோடோ சிக்கனமானது. நாலே வளைவில் நிஜார், கலைந்த முடி, அகல விழித்த கண். தெலுங்கு வாசகர்கள் புடுகுவைப் பெரியவர்களுக்கான நகைச்சுவையாகவும் படித்தார்கள். ஆனாலும் ஒரு குழந்தை தன் சொந்த வாயால், தப்பும் தவறுமாக, யாருக்கும் பணியாமல் பேசலாம் என்பதைத் தெலுங்கு அச்சில் நிலைநாட்டியவன் அவன்தான்.

அதே வேளையில் அமெரிக்காவிலும் பிள்ளைகள் படிக்கும் புத்தகம் பற்றிய பேச்சுதான் அடிபட்டது. பள்ளி வாசிப்பு நூல்கள் சலிப்பூட்டுகின்றன, அதனால்தான் பிள்ளைகள் படிக்க மறுக்கிறார்கள் என்று 1954-இல் ஜான் ஹெர்ஸி ‘லைஃப்’ இதழில் எழுதினார். அதற்குப் பதிலாகத்தான் டாக்டர் சூஸ் 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்துத் தொப்பி போட்ட பூனையின் கதையை 1957-இல் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், சிரிக்கலாம் என்பது அந்தப் புத்தகம் போட்ட ஒப்பந்தம். தெலுங்குக்கும் தமிழுக்கும் அப்படி ஒரு புத்தகம் பள்ளிக்கூடத்தின் வழியாக வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் எல்லைக்கோடு விழுந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த பட்டாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் சென்றது. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் ஆந்திர அரசின்கீழ் நடந்தன. ரயில் மட்டும் கோடு பார்க்காமல் ஓடியது. நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடைகள் இரு மொழிக்கும் பொதுவாக இருந்தன. தமிழில் ‘கண்ணன்’, வாண்டுமாமாவின் கதைகள், 1972-இல் வந்த ‘கோகுலம்’, அதே ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ். டெல்லியிலிருந்து சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் நேஷனல் புக் டிரஸ்டும் வண்ணப் புத்தகங்களை அனுப்பின. விசாலாந்திரா, என்.சி.பி.எச். கடைகளில் ரஷ்யப் படப் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைத்தன.

காசும் கடையும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவை எட்டின. சித்தூரின் மேற்குத் தாலுகாக்களில், மானாவாரி நிலக்கடலையை நம்பிய ஊர்களில், பிள்ளை கையில் இருந்தது ஒன்றுதான்: அரசு பாடநூல். அந்தப் பிள்ளைகளின் குறும்பும் பசியும் பள்ளிக்கூட அடிகளும் எழுத்தில் வர 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருப்பதிக்கு அருகிலுள்ள மிட்டூரைச் சேர்ந்த நாமினி சுப்ரமணியம் நாயுடு, சித்தூர்ப் பேச்சுத் தெலுங்கைக் கொஞ்சமும் சீவாமல் கதைகளாக எழுதினார். ‘சினப்பா கதைகள்’ புடுகுவுக்குக் கிராமத்திலிருந்து வந்த பதில் போலிருந்தது. பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்கிருந்த கோபமும் கிண்டலும் தனி நூல்களாகவே வந்தன. என்றாலும் அவை பெரியவர்கள் படிக்கும் புத்தகங்கள். வகுப்பறையில் அவற்றுக்கு வேலையில்லை.

வகுப்பறைக்குள் சிரிப்பைக் கொண்டுபோகும் முயற்சியை அரசும் செய்து பார்த்தது. என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது பாபு–ரமணா இரட்டையரைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோ பாடங்கள் எடுக்கப்பட்டன. பிரிட்டிஷ் உதவியுடன் 1980களில் தொடங்கிய ஆந்திரத் தொடக்கக் கல்வித் திட்டம், ஆசிரியர்களைச் செய்துகாட்டிக் கற்பிக்கவும் பிள்ளைகளின் படைப்புகளைச் சுவரில் மாட்டவும் பழக்கியது. வீடியோவுக்கு மின்சாரம் வேண்டும், செய்துகாட்ட ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் என்றிருந்த பள்ளிகளில் இரண்டுமே அரிது.

விடை வந்தது மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து. சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர் மதனப்பள்ளி. ஊருக்கு வெளியே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், பெரிய ஆலமரம் ஒன்றைச் சுற்றி 1920களில் வாங்கிய நிலத்தில் அவருடைய ரிஷிவாலி பள்ளி எழுந்தது. கட்டணம் கட்டிப் படிக்கும் உண்டுறைப் பள்ளி அது. அதன் வேலியைத் தாண்டினால் ஆடு மேய்க்கும் பிள்ளைகள். அவர்களுக்கான கிராமியக் கல்வி மையத்தில் 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் வேலையைத் தொடங்கினார்கள். சுற்று வட்டாரக் குக்கிராமங்களில் ஒரே ஆசிரியர் நடத்தும் கிளைப் பள்ளிகள் முளைத்தன.

அங்கே அவர்கள் பார்த்த பிரச்சினை எளிமையானது. கடலை பிடுங்கும் காலத்தில் பிள்ளை மூன்று வாரம் வரமாட்டான். திரும்பி வரும்போது பாடம் பத்துப் பக்கம் தாண்டியிருக்கும். புரியாமல் உட்கார்ந்திருப்பான், பிறகு வராமலே போவான். பாடநூல் என்பது எல்லோரும் ஒரே வேகத்தில் ஏறியாக வேண்டிய வண்டி. தவறவிட்டவனுக்காக அது நிற்காது.

எனவே பாடநூலைக் குலைத்தார்கள். ஒவ்வொரு பாடத்தையும் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்து, ஒரு செயலுக்கு ஓர் அட்டை என்று வரைந்தார்கள். அட்டையின் மூலையில் ஒரு படச் சின்னம், ஓர் எண். எல்லா அட்டைகளின் வரிசையும் சுவரில் ஓர் ஏணியாகத் தொங்கும். பிள்ளை ஏணியைப் பார்ப்பான், தான் நிற்கும் படியைக் கண்டுபிடிப்பான், அந்தப் படியிலுள்ள சின்னத்தைத் தட்டில் தேடி எடுப்பான், உரிய குழுவின் பாயில் போய் உட்காருவான். புதிதாகக் கற்க ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, தன்னைத் தானே சோதிக்க ஒன்று, தடுமாறினால் மீண்டும் முயல ஒன்று, முடித்துவிட்டால் கூடுதலாக விளையாட ஒன்று. மூன்று வாரம் கழித்து வந்தாலும் விட்ட படி அங்கேயே இருக்கும். எழுத்து தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்தே தன் வேலையை எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இதன் சூட்சுமம். இங்கே படம் பாடத்துக்கு அலங்காரமாக வரவில்லை, வழிகாட்டியாக வந்தது. கொலம்பியாவில் 1970களின் நடுவிலிருந்து ‘எஸ்குவேலா நுவேவா’ பள்ளிகள் இதே மாதிரிச் சிக்கலுக்குத் தானே படிக்கும் கையேடுகளைக் கொண்டு விடை தேடின.

மொத்தப் பொருள்களையும் ஒரு பெட்டியில் அடைத்துவிடலாம். ‘பெட்டிக்குள் பள்ளிக்கூடம்’ என்ற பெயர் அதனால் வந்தது. பெட்டியில் எழுத்தும் கணக்கும் மட்டும் இல்லை. சுற்றுப்புறக் கிராமங்களில் வழங்கிய கதைகளும் பாட்டுகளும் விடுகதைகளும் பாடப்பொருளாயின. கதையை அட்டையில் பார்த்துவிட்டுப் பொம்மை செய்து ஆட்டினார்கள். தோல்பாவைக் கூத்து வழங்கிய நாட்டில் பொம்மலாட்டத்துக்குத் தனியாக அறிமுகம் தேவைப்படவில்லை. ‘மெட்ரிக் மேளா’ என்று ஒரு சந்தை கூட்டினார்கள். பிள்ளைகள் தராசும் அளவுநாடாவும் வைத்துக்கொண்டு, வந்திருக்கும் அப்பா அம்மாவின் எடையையும் உயரத்தையும் அளந்து சொல்வார்கள், பொருள் விற்றுச் சில்லறை எண்ணித் தருவார்கள். கணக்குப் பாடம் ஊர் நடுவே நடந்தது. பெரியவர்களை அளந்து பார்க்கும் வாய்ப்பு புடுகுவுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

அட்டைகள் முதலில் மேற்கே நகர்ந்தன. மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டே தாலுகாவிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1995-இல் ரிஷிவாலிக்கு வந்து பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பித் தாங்களே கன்னட அட்டைகளை எழுதி வரைந்தார்கள். யுனிசெஃப் துணையோடு ‘நலி கலி’ என்ற பெயரில் அது கர்நாடகம் முழுக்கப் பரவியது. கன்னடக் கதை, கன்னட விளையாட்டு, கன்னட மரஞ்செடிகள். தெலுங்கு அட்டையை மொழிபெயர்க்காமல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் அது வேரூன்றக் காரணம்.

பிறகு கிழக்கே. எம்.பி. விஜயகுமார் 1990களில் சித்தூரை ஒட்டிய வேலூரில் ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைச் சிறார்களை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் பணியில் இறங்கியவர். ரிஷிவாலி முறை அவருக்கு அப்போதே பழக்கம். 2003-இல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையர். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவாலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 13 பள்ளிகளில் அந்த முறை தொடங்கியது, அடுத்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. அவர் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் மாநில இயக்குநரான பின் 2007–08-இல் தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை, ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் அது வந்துவிட்டது.

பெஞ்சும் மேசையும் வெளியே போயின, பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளை எட்டி எழுதச் சுவரின் அடிப்பகுதியில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்ததும் ஒட்டியதும் ஊசலாடும். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்வான். ‘நீ எந்த ஏணியில் இருக்கே?’ என்பது விசாரிப்பாயிற்று. முதல் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்பு அக்கா அட்டையைக் காட்டிச் சொல்லித் தருவதை ஆசிரியர்கள் அதட்டவில்லை. தெலுங்கு, கன்னட அட்டைகளைப் போலவே தமிழ் அட்டைகளையும் பணியிலிருந்த ஆசிரியர்களே எழுதினார்கள்.

கிளைப் பள்ளியில் இரண்டு டஜன் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒன்றை ஒரு மாநிலம் முழுக்க ஆணை போட்டு நடத்தினால் என்ன ஆகுமோ அதுவும் ஆனது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. தொலைந்த அட்டைக்கு மாற்று வருவதற்குள் ஏணியில் ஒரு படி காணாமல் போனது. வேகத்தைச் சுதந்திரமாக விட்ட முறையில், எத்தனை பேர் எத்தனை படி ஏறினார்கள் என்று மேலிடம் கணக்குக் கேட்டது. வீட்டுக்குக் கொண்டுவரப் புத்தகம் இல்லையே, என்ன படிக்கிறான் என்று எப்படித் தெரியும் என்று பெற்றோர் கேட்டார்கள். நல்ல ஆசிரியர் கையில் அட்டை விளையாட்டாக இருந்தது. மற்றவர் கையில் அதுவும் துண்டு துண்டான பாடநூலாகிவிட்டது. 2012–13-இல் முப்பருவப் பாடநூல்கள் வந்த பிறகு, செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்ட வடிவில் புத்தகத்தின் பின்னால் நடக்கத் தொடங்கியது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பிலேயே மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பதை அது ஒப்புக்கொள்வதில் பழைய ஏணியின் சாயல் இருக்கிறது.

பிறந்த மண்ணில் கதை இன்னும் ஓடுகிறது. 2010களின் பிற்பகுதியில் ஆந்திர அரசு ரிஷிவாலியின் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஆனந்த லஹரி’ என்ற பெயரில் இந்த முறையை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது, திருப்பதி தனி மாவட்டமானது. சித்தூர் மாவட்டத்தின் அட்டை என்று சொல்லிக்கொள்ள இப்போது சித்தூருக்கு உரிமையில்லை.

அட்டை பின்வாங்கிய இடத்தில் புத்தகம் மறுபடி வந்திருக்கிறது, இந்த முறை சிரித்துக்கொண்டு. செயல்வழிக் கற்றல் நடந்த காலத்திலேயே ‘புத்தகப் பூங்கொத்து’ என்று கதைப் புத்தகங்களை வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பூட்டிய அலமாரியிலிருந்து புத்தகத்தை விடுவித்ததே அதன் பெரிய சாதனை. 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 53 சிறு புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நான்கு படிநிலைகளில் வெளியிட்டது. பக்கத்துக்கு ஓரிரு வரி, மீதி இடமெல்லாம் படம். தொப்பிப் பூனை போட்ட ஒப்பந்தம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குள் வர ஏறக்குறைய 66 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நகரி, குப்பம், சத்தியவேட்டுத் தமிழ்வழிப் பிள்ளைகள் ஆந்திரக் கல்வித் துறையின்கீழ் வருபவர்கள். அவர்களுக்கு இந்த 53-இல் எதுவும் வந்துசேர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ‘அம்புலிமாமா’வும் 2013-க்குப் பின் இல்லை. இருப்பதில் நெருக்கமானது, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளம். ஒரே ஓவியத்தின் கீழ் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் கதைகள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டியவர் தம் மொழிக்கு மாற்றி அச்சடித்துக்கொள்ளவும் அதன் திறந்த உரிமம் இடம் தருகிறது. தெலுங்கில் பிடித்த ஒரு குறும்புக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவர நகரி ஆசிரியர் எந்த அலுவலகத்துக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரில் குறைச்சலும் இல்லை.